இருமல் இல்லாத டேப்

ஆபீஸில் எனக்குக் கத்திரி என்று பேர். வைத்தவர் இயக்குநர். எனக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது, உழைத்துச் சம்பாதித்த பேர்தானே. இருபத்திரண்டு வருஷமாக எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து முதுகு தேய்ந்தவள் நான். ஒருத்தர் திங்கட்கிழமை சொன்ன அரை வார்த்தையை எடுத்து, வியாழக்கிழமை சொன்ன முக்கால் வார்த்தையோடு ஒட்டுவேன். ஒட்டிய இடத்தில் பேசுகிறவர் வாய் தெரியக்கூடாது. அங்கே கேட்கிறவர் முகத்தையோ மேஜை மேல் இருக்கும் தண்ணீர் டம்ளரையோ வைத்து மூடிவிடுவேன். பேசினவர் அப்படித்தான் சொன்னார் என்று பார்க்கிறவன் சத்தியமே செய்வான். இது தப்பு இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்க பாக்கறதை நிறுத்துங்க, நானும் வெட்டறதை நிறுத்தறேன்" என்று வாயடைத்துவிடுவேன்.

நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்த மாதிரியானதுதான். பன்னிரண்டு பேரை ஒரு வீட்டில் நூறு நாள் அடைத்துவைப்போம். சுற்றி நாற்பது கேமரா. ஜன்னல் கிடையாது, ஃபோன் கிடையாது, கடிகாரம் கிடையாது. மணி என்ன என்று கெஞ்சிக் கேட்டாலும் யாரும் சொல்லக்கூடாது. அது முதல் விதி. உள்ளே இருப்பவர்களோடு ஒலிபெருக்கியில் ஒரு குரல் மட்டும் பேசும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கன்ட்ரோல் ரூமில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, வாயில் தொண்டை மிட்டாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் குரல்காரர் என்போம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் என்றே கூப்பிட்டோம். முதல் நாள் ஜன்னல் இல்லாத வீட்டைப் பார்த்து மற்றவர்கள் முகம் செத்துப்போனபோது இவன் மட்டும் சிரித்தான். "லிஃப்ட் நடுவுல நின்னா, பதறிப்போய்க் கதவைப் பிரிச்சுக் குதிக்கறான் பாருங்க, அவனுக்குத்தான் அடிபடும். பேசாம உள்ள உக்காந்திருந்தா ஒண்ணும் ஆகாது. நான் எத்தனை பேரை இறக்கியிருக்கேன்!" என்றான். ஜனங்களுக்கு அன்றைக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான், ஏன் மறைக்கணும்?

நான்காவது வாரம் ஒரு சோதனை வைத்தோம். உள்ளே இருந்த சமையல்கார அம்மாவைத் தனியறைக்குக் கூப்பிட்டு, உங்கள் வீடு தீப்பிடித்துவிட்டது என்று குரல்காரர் சொன்னார். ஃபோனில் அந்த அம்மாவின் புருஷனே அழுதான். எழுதிக்கொடுத்ததைப் பார்த்துத்தான் அழுதான், ஆனால் நன்றாகவே அழுதான். அந்த அம்மா செருப்புகூடப் போடாமல் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். வெளியே பலூன் கட்டி, 'ஏமாந்தீங்களா?' என்று பலகை வைத்திருந்தோம். பக்கத்தில் புருஷன் அசடு வழிய நின்றான். வெளியே வந்தவர் தோற்றவர், அதுதான் ஆட்டம். அந்த எபிசோடை வெட்டியவள் நான். அதைப் பார்த்த அளவுக்கு வேறு எதையும் ஊர் பார்த்ததில்லை. உள்ளே இருந்தவர்களுக்கும் அதை டிவியில் போட்டுக் காட்டினோம். அதற்கப்புறம் வீட்டுக்குள் இருக்கும் யாரும் எங்கள் பேச்சை நம்புவதில்லை.

அறுபதாம் நாள் வாக்கில் லிஃப்ட் சோர்ந்துபோனான். சாப்பிடுவதில்லை, படுத்துக்கொண்டே இருந்தான். "அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கோ, நான் போறேன்" என்று புலம்பினான். இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "இவன் போயிட்டா ஷோ படுத்துடும். அவங்கம்மாகிட்ட ஒரு வீடியோ வாங்கிட்டு வா" என்றார். கேமராக்காரரோடு நானே போனேன்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்ததும் அவன் அம்மா சொன்ன முதல் பேச்சே, "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றான் எம்புள்ள, பெத்தவ மூணு மாடி ஏறிச் சாகறேன்" என்பதுதான். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலானது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டவர். நீராவியும் பஞ்சுத் தூசியும் நெஞ்சுக்குள்ளே குடியேறிவிட்டன. அறை மூலையில் விரிப்புகள் ஓரம் ஓரமாக ஒட்டி மடித்து அடுக்கியிருந்தன. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மூத்த மகள் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு இருமலுக்கும் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம் பேசினார். மகன் சின்ன வயதில் மழையில் ஆடிவிட்டு வருவதைப் பற்றி: "ஈரக்காலோட உள்ள வராதடான்னு கத்துவேன், கேட்டாத்தானே!" தன் உடம்பைப் பற்றி: "அவன் ஃபோன் பண்ணிக் கேட்டா, நான் நல்லா இருக்கேன்னுதான் சொல்வேன். வேற என்னத்தச் சொல்றது?" கடைசியில் மகளைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, கேமராவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "ஆஸ்பத்திரில சேரச் சொல்றாங்க. அது அவனுக்குத் தெரிய வேண்டாம். ஆனா எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, யாரு என்ன சொன்னாலும் கேக்காதீங்க, அவனை உடனே வெளிய அனுப்பிடுங்க. அவன் வந்து பாக்காம என்னைக் கொண்டுபோகக் கூடாது." சரிம்மா என்று தலையாட்டினேன். என் நம்பரை மகளிடம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக இருமலை எல்லாம் துடைத்தேன். அது என் பழக்கம். குறட்டை, செருமல், நாய் குரைப்பு எதுவும் என் மேஜையில் தங்காது. துடைத்த பிரதியை என்னிடம் வைத்துக்கொண்டு அசல் டேப்பைக் கிடங்குக்கு அனுப்பினேன். இப்போது டேப் எங்கே இருக்கிறது, எல்லாம் டிஸ்க்தான், ஆனாலும் எங்கள் வாயில் டேப் என்றே வரும். பிறகு உட்கார்ந்து வெட்டினேன். ஓரிடத்திலிருந்து 'நான் நல்லா இருக்கேன்'. இன்னோரிடத்திலிருந்து 'யாரு என்ன சொன்னாலும்'. அதே வாக்கியத்தின் வாலிலிருந்து 'வெளிய'. மழைக் கதையிலிருந்து 'வராதடா'. ஒட்டிய இடங்களில் மடித்த விரிப்புகளையும் மகளின் கையிலிருந்த டம்ளரையும் வைத்து மூடினேன். போட்டுப் பார்த்தால் அந்தத் தாய் சொல்கிறார்: "நான் நல்லா இருக்கேன். யாரு என்ன சொன்னாலும் வெளிய வராதடா."

லிஃப்ட் அதைத் தனியறை டிவியில் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அறையிலிருந்து ஓடி, கூடத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "அம்மாவுக்கு இருமல் நின்னுருச்சு! ஒரு தடவைகூட இருமல!" என்று குதித்தான். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு புள்ளைக்குச் சோறு ஊட்டியது போல இருந்தது.

அந்த வீடியோ போட்ட ஆறாம் நாள் காலை ஏழரைக்கு அவன் அக்காவிடமிருந்து ஃபோன். "விடியக்காலைல அம்மா போயிட்டாங்க. உங்க ஆபீஸ் நம்பர்ல யாரும் எடுக்கல. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அடக்கம். தம்பியை அனுப்புங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. அவர்கள் வீடு ஒரு மணி நேரத் தூரம். பதினொன்றரைக்குள் அவன் கிளம்பியாக வேண்டும்.

இயக்குநரிடம் ஓடினேன். மனுஷன் கல் இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே, சொல்லிடுவோம். வண்டியை ரெடி பண்ணச் சொல்லு" என்றார். மேலே பேசிக் கையெழுத்து வாங்க இரண்டு மணி நேரம் போயிற்று. கேமராவை மட்டும் அணைக்கச் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை, தோன்றவே இல்லை எனக்கு.

பத்து மணிக்கு லிஃப்டைத் தனியறைக்குக் கூப்பிட்டோம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். குரல்காரர் மிட்டாயைத் துப்பிவிட்டு, மெதுவாக, ஒரு தகப்பன் சொல்வது போல, பன்னிரண்டரைக்கு அடக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். லிஃப்ட் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு கணம் முகம் வெளுத்தது. அப்புறம் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"குரலண்ணே, நாலாவது வாரம் தீப்பிடிச்சுது, இந்த வாரம் எங்கம்மாவா? வேற சரக்கே இல்லையா உங்ககிட்ட?"

"இல்லப்பா, இது ஆட்டம் இல்ல. நிஜமாத்தான் சொல்றேன்."

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க. நிஜமாத்தான்னு, இதே குரல்ல." கேமராவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். "எங்கம்மா முன்கூட்டியே சொல்லிட்டாங்க. யாரு என்ன சொன்னாலும் வெளிய வராதடான்னு."

இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அக்காவை ஃபோனில் பிடித்து அறைக்குள் கேட்க வைத்தோம். "டேய், அம்மா போயிட்டாங்கடா. சீக்கிரம் வாடா" என்றாள். இப்போதுதான் உடைந்து அழுதாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "அக்கா, ஸ்கூல் நாடகத்துல உன்னை மரமா நிக்க வச்சாங்க. இப்ப இவ்வளவு நல்லா நடிக்கற! சமையல்காரம்மா புருஷனைவிட நீ பரவாயில்ல" என்றான். "நாசமாப் போச்சு" என்று மட்டும் அக்கா சொன்னாள். அதை எங்களுக்குச் சொன்னாளா அவனுக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை.

நான் தனியாக அவளைக் கூப்பிட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன், அம்மாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று. "ஏங்க, எங்கம்மா கிடக்கறதை உங்க டிவில போடணுமா?" என்றாள். "ஒரு மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல மயானத்துல விடமாட்டாங்க, அடுத்த நேரத்தை வேறவங்களுக்கு எழுதியாச்சு" என்று வைத்துவிட்டாள்.

"உள்ள போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடலாம் சார்" என்றேன் இயக்குநரிடம்.

"அவன் வரமாட்டேங்கறான். தொட்டா நாளைக்கு நம்ம மேல கேஸ் போடுவான். நாம சொன்னதுக்கு ரெக்கார்டு இருக்கு, அது போதும்" என்றார்.

"யாருக்குப் போதும்?" என்று கத்தினேன். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல்காரரின் மைக்கைப் பிடுங்கினேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் மைக்கில் பேசியதே இல்லை.

"தம்பி, நான் எடிட்டர் பேசறேன். கத்திரின்னு சொல்வாங்க. அந்த வீடியோ நான் வெட்டினது. உங்கம்மா அப்படிச் சொல்லவே இல்ல. நாலு இடத்துல இருந்து எடுத்து ஒட்டினேன். தப்புப் பண்ணிட்டேன். உங்கம்மா சொன்னதே வேற, இப்பப் போடறேன் பாரு."

அவசரம். பத்து இருபது ஆகியிருந்தது. நாற்பது நிமிடத்தையும் போட நேரம் ஏது? என் மேஜையில் இருந்த பிரதியில், அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன அந்த இடத்தை மட்டும் முன்னும் பின்னும் கத்தரித்துத் தனியறை டிவியில் போட்டேன். இருபது செகண்ட். ஆஸ்பத்திரில சேரச் சொல்றாங்க, அது அவனுக்குத் தெரிய வேண்டாம், ஆனா எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, யாரு என்ன சொன்னாலும் கேக்காதீங்க, அவனை உடனே வெளிய அனுப்பிடுங்க, அவன் வந்து பாக்காம என்னைக் கொண்டுபோகக் கூடாது.

லிஃப்ட் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றான். இன்னொரு தரம் போடச் சொன்னான், போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"அருமையா வெட்டியிருக்கீங்கக்கா. ஒட்டின இடமே தெரியல."

"ஐயோ, இது வெட்டினது இல்லடா! அதுதான் வெட்டினது!"

"இது ஆரம்பமும் இல்லாம முடிவும் இல்லாம நடுவுல தொடங்குது. நான் லிஃப்ட் பிரிக்கறவன்க்கா, துண்டா ஒரு வயர் தொங்கினா யாரோ கை வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்." விரலை நீட்டி எண்ணிக் காட்டினான். "அப்புறம், எங்கம்மாவுக்கு உடம்பு முடியலன்னா இருமல் எங்க? நல்லா இருக்கற நாள்லயே ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை இருமுவாங்க. ஆஸ்பத்திரில சேரச் சொல்றாங்கன்னு சொல்றவங்க இருமவே மாட்டாங்களா? அவங்க நல்லா இருக்கேன்னு சொன்னதுல இருமல் இல்ல, அது சரி. இதுலயும் இல்லன்னா எப்படிக்கா?"

எனக்குத்தானே தெரியும் அந்த இருமல் எங்கே போயிற்று என்று. ஒவ்வொன்றாக, பொறுமையாக, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து துடைத்தேனே.

"ரெண்டுல ஒண்ணு பொய்தானே? எங்கம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்றது ஏன் பொய்யா இருக்கணும்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "லிஃப்ட் நின்னா உள்ளதான் உக்காரணும். இருமலோட ஒரு டேப் இருந்தா கொண்டாங்கக்கா, அப்ப நம்பறேன்."

கொண்டுவரப் போனேன். வேறு என்ன செய்ய? அசல் கிடங்கில் இருந்தது, கிடங்கு ஊரின் அந்தக் கோடியில். பத்து நாற்பதுக்கு வண்டி எடுத்தேன். பாலத்துக்குக் கீழே ஒரு லாரி குறுக்கே நின்று மொத்தச் சாலையையும் அடைத்திருந்தது. இறங்கி லாரிக்காரனிடம் கத்தினேன், அவன் பாவம், டயர் வெடித்து நிற்கிறான். பதினொன்றரை அங்கேயே ஆயிற்று. கிடங்கில் இருந்தவர் கையெழுத்து இல்லாமல் டேப் வெளியே போகாது என்றார். இயக்குநருக்கு ஃபோன் போட்டு, அவர் எடுக்காமல், மறுபடி போட்டு, அவர் எடுத்து, "இன்னுமா அதை விடல நீ?" என்று கேட்டு, அப்புறம் சரி என்று சொல்வதற்குள் பன்னிரண்டரை. டேப்பை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் அந்த அம்மாவிடம் தலையாட்டியதே நினைவில் நின்றது. சரிம்மா என்றேனே, என்ன தைரியத்தில் சொன்னேன்?

வண்டியை நிறுத்தும்போது அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது. 'முடிஞ்சுது. இனி அவனை அனுப்ப வேண்டாம்.'

கன்ட்ரோல் ரூமில் எல்லாரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். "இருபது நிமிஷமா அந்த ஒரே தட்டைத்தான் கழுவறான்" என்றார் குரல்காரர் தாழ்ந்த குரலில். இயக்குநர் என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். "இனி எதுக்கு அது? இன்னும் முப்பத்து நாலு நாள். நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும், வெளிய வந்ததும் தெரியத்தானே போகுது. நீ போய் இன்னிக்கு எபிசோடைப் பாரு. அந்த இருபது நிமிஷத் தட்டை அஞ்சு செகண்டா சுருக்கிடு."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இப்போது சொல்லி யாருக்கு என்ன? டேப்பை மேஜை மேல் வைத்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அப்போது அவன் தட்டோடு நிமிர்ந்தான். சமையலறைக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முழுசாக வரவில்லை.

"என்ன கத்திரியக்கா, சத்தத்தையே காணோம். இருமல் கிடைச்சுதா இல்லையா?"

யாரையும் கேட்கவில்லை. டேப்பைச் செருகினேன். தனியறைக்கு அவனைக் கூப்பிடவும் இல்லை, கூடத்து ஒலிபெருக்கியிலேயே சத்தத்தைத் திறந்துவிட்டேன். வெட்டவில்லை, துடைக்கவில்லை, முதலிலிருந்து ஓடவிட்டேன்.

கேமராக்காரர் பொத்தானை அமுக்கும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றான் எம்புள்ள, பெத்தவ மூணு மாடி ஏறிச் சாகறேன். அப்புறம் சிரிப்பு, அப்புறம் இருமல். நீளமாக, அடி வயிற்றிலிருந்து, நிற்காமல். மகள் டம்ளரை எடுத்து வரும் சத்தம், மறுபடி இருமல். வீட்டுக்குள் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

லிஃப்ட் குழாயை மூடினான். கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றான். ஒலிபெருக்கியில் அவன் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "பரவால்ல, கேளுங்க" என்றார் எங்களிடம்.

அவன் கேமராவுக்குக் கிட்டத்தில் வந்தான். அவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தை நான் பார்த்ததில்லை.

"அக்கா, மணி என்ன?"

குரல்காரர் மைக்கை என் பக்கம் தள்ளினார். இயக்குநர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

ஒன்று இருபத்தைந்து என்று சொன்னேன்.